நேவிக்காரரின் தச்சுப்பெட்டி: எடுத்த துருவும் எடுக்காத எழுத்தும்

குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் இந்தப் பெட்டி நாலு வருடம் திறக்காமல் கிடந்தது. பெட்டிக்காரர் 1963-ல் கடற்படையில் சேர்ந்து ஷிப்ரைட்டாக (கப்பல் தச்சராக) 15 வருடம் கப்பலில் இருந்தவர். 1978-ல் ஊருக்கு வந்து, அதன்பிறகு நாற்பது வருடம் நிலை, கதவு, கட்டில், வள்ளத்துப் பலகை என்று தச்சுவேலை பார்த்தவர். 2022 மார்ச்சில் காலமானார். ஓராண்டு நினைவு ஜெபத்துக்குள் பெட்டியைச் சரிசெய்து தரவேண்டும், மெடல்களை வைக்க ஒரு கண்ணாடிப் பேழையும் செய்யவேண்டும் என்பது வீட்டார் கொடுத்த வேலை. 2023 பிப்ரவரி முதல் தேதி தொடங்கி 23 நாளில் முடிந்தது.

மாதத்தைச் சொல்லக் காரணம் உண்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கடலோரத்தில் மரம் உண்மையாகவே காய்ந்திருக்கும் காலம் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான். மற்ற மாதங்களில் பாலிஷ் போட்டால் ஈரம் உள்ளே சிக்கி வெள்ளை பூத்துவிடும். துரு எடுத்த இரும்பு துடைத்து முடிப்பதற்குள் மறுபடி சிவக்கும்.

பெட்டியைத் திறந்ததும்

எதையும் தொடாமல் முதலில் போட்டோ. மேலிருந்து ஒன்று, ஒவ்வொரு தட்டையும் தூக்குவதற்கு முன் ஒன்று. இந்தப் பெட்டியில் அது கட்டாயம், ஏனென்றால் சாமான்கள் வைத்திருந்த முறையே ஒரு வேலை. 32 இஞ்சு நீளம், 14 அகலம், 13 உயரம். அயனிப் பலகை, முக்கால் இஞ்சு கனம். மூலைகளில் புறாவால் பொருத்து, ஆணி கிடையாது. உள்ளே இரண்டு தட்டு. ஒவ்வொரு உளிக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டி, மேலே ஒரு சின்ன மரத்திருப்பி. திருப்பியைக் குறுக்கே திருப்பிவிட்டால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் உளி விழாது. தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் தச்சருக்கு இது தேவையே இல்லை. கப்பலில் இருந்த கைக்குத்தான் இந்தப் பழக்கம் வரும். அங்கே கட்டிவைக்காத சாமான் ஆடும்போது ஆளை அடிக்கும்.

அடித்தட்டில் கூம்பு கூம்பாகச் சீவிய லேசான மரக்கட்டைகள் ஏழு இருந்தன. விளையாட்டுச் சாமான் என்று வீட்டுப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அவை ஓட்டை அடைப்பான்கள். கப்பல் உடம்பில் துளை விழுந்தால் ஷிப்ரைட் ஆட்கள் ஓடிப்போய் இதைத்தான் துணி சுற்றி அடித்து இறுக்குவார்கள். மென்மரம் தண்ணீர் குடித்து ஊதி, துளையைத் தானே பிடித்துக்கொள்ளும். தேக்கில் செய்தால் ஊதாது, பயனில்லை. ஊருக்கு வந்தபின் இவர் இதை வள்ளங்களுக்குப் பயன்படுத்தியிருப்பார். இரண்டில் தார் ஒட்டியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பழைய குட்டிகூரா பவுடர் டப்பாவுக்குள் நான்கு மரவில்லைகள். பூவரசு, 22 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனம், இரண்டு 11. ஓரங்களில் வாள் பட்ட தடம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுத்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை. டப்பாவோடு தனியே எடுத்துவைத்தோம். இப்படிப்பட்ட பெட்டிகளில் ‘குப்பை’ என்று தோன்றுவதைக் கடைசி நாள் வரை எறியக்கூடாது.

மூடியின் உட்புறம்

மூடியைத் திறந்தபோது உட்புறத்தில் பென்சிலால் ஐந்து வரி. இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் இஞ்சு:

1998 — 34½
2004 — 34¼
2009 — 34
2014 — 33½
2019 — 33

பக்கத்தில் வேறு பல கணக்கு: யார் வீட்டுக் கதவுக்கோ கன அடி, ஒரு கட்டிலின் கால் உயரம். இந்த ஐந்து வரி மட்டும் ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தனியாக இருந்தது. வீட்டம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "அது அவிய எழுதினதாக்கும், மக்கா. தொடச்சிராத."

பென்சில் எழுத்தை மரத்தில் காப்பாற்றுவது லேசு என்று நினைப்போம். சாதாரணப் பென்சில் கரி, ஸ்பிரிட்டிலோ தண்ணீரிலோ கரையாது. தூரத்திலிருந்து அரக்குப் பாலிஷை லேசாக ஸ்ப்ரே செய்தால் அப்படியே நின்றுவிடும். பிரஷ் போட்டால்தான் இழுத்துக்கொண்டு போகும். அப்படிச் செய்யத்தான் முதல் திட்டம். நிறுத்தியது மூடியின் இடது கீழ்மூலை. எப்போதோ ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் அங்கே இறங்கியிருந்தது. அந்த இடத்தில் இருந்த பழைய கணக்கு ஊதா நிறத்தில் மேகம் மாதிரி பரவிக் கிடந்தது.

ஊதா என்றால் காப்பியிங் பென்சில். அந்தக் காலத்தில் ரயில்வே, தபால், மிலிட்டரி, தச்சர், கணக்கப்பிள்ளை எல்லாரும் வைத்திருந்தது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறமாகவே தெரியும். உள்ளே சாயம் கலந்திருப்பதால் ஈரம் பட்டதும் ஊதாவாக மாறி மரத்துக்குள் இறங்கிவிடும். ஸ்பிரிட் பட்டாலும் அதே கதி. அரக்குப் பாலிஷ் என்பதே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதை அடித்திருந்தால் ஐந்து வரியில் எது கரையும், எது நிற்கும் என்பது அடித்தபிறகுதான் தெரிந்திருக்கும்.

சோதிக்கும் வழி: காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, கையில் தட்டி, ஈரம் மட்டும் இருக்கும்படி செய்து, வேண்டாத ஒரு கோட்டின் நுனியில் ஒரு முறை ஒற்றவேண்டும். தேய்க்கக்கூடாது. பஞ்சில் ஊதா வந்தால் காப்பியிங் பென்சில். கதவுக் கணக்கின் ஓரத்தில் ஒற்றியதில் ஊதா வந்தது. பெட்டிக்காரரின் அளவுப் பட்டியலில் மூன்று வரி ஒரே மாதிரி மங்கிய பளபளப்பு, கடைசி இரண்டு வரி கறுப்பு. 2014 வாக்கில் அந்தப் பென்சில் தீர்ந்து சாதாரணப் பென்சிலுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. கட்டத்துக்குள் எதையும் ஒற்றிப் பார்க்கவில்லை.

ஆகவே மூடியின் உட்புறத்துக்குப் பாலிஷும் இல்லை, மெழுகும் இல்லை. மென்மையான ஓவியப் பிரஷால் தூசி மட்டும் தட்டினோம். 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு ஒன்றைக் கட்டத்தைவிட நாலு பக்கமும் இரண்டு இஞ்சு பெரிதாக வெட்டி, மூலைகளில் 3 மில்லிமீட்டர் மரவாஷர் வைத்து, எழுத்தைத் தொடாதபடி மேலே நிறுத்திப் பித்தளை ஸ்க்ரூ போட்டோம். ஸ்க்ரூ 3 மில்லிமீட்டர் என்றால் தகட்டில் துளை 4½ இருக்கவேண்டும். அயனிப் பலகை மழைக்காலத்தில் அகலும், வெயிலில் சுருங்கும். அக்ரிலிக் அதோடு சேர்ந்து போகாது. இறுக்கமாகத் துளைத்தால் ஒரு வருடத்தில் மூலையில் விரிசல் விழும். நாலு பக்கமும் மூடி அடைக்கவும் கூடாது. காற்று போய்வரட்டும். அடைத்தால் உள்ளே வியர்க்கும், பிறகு ஊதாதான்.

செதலும் அடிப்பலகையும்

அடிப்பலகையின் பின்பாதியைச் செதல் (கரையான்) தின்றிருந்தது. பெட்டி சிமெண்டுத் தரையில் நேராக உட்கார்ந்திருந்ததுதான் காரணம். தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். திருப்புளி நுனி அரை இஞ்சு உள்ளே போனது. பக்கப் பலகைகளில் அடியிலிருந்து ஒரு இஞ்சு உயரம் வரை மட்டும் பாதிப்பு.

புதுப்பலகைக்கு மரம் தேடும்போது, பக்கத்து ஊரில் உடைத்த வள்ளத்திலிருந்து அருமையான அயனிப் பலகை கிடைத்தது. நிறம் ஒன்றுபோல், விலையும் குறைவு. வேண்டாம் என்று விட்டோம். வருடக்கணக்கில் கடலில் கிடந்த மரத்துக்குள் உப்பு ஊறியிருக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பலகை மேல் இரும்புச் சாமான் வைத்தால் எண்ணெய் போட்டாலும் துரு பிடிக்கும். இடித்த வீட்டின் பழைய வாசற்பலகை ஒன்று தக்கலைப் பக்கம் கிடைத்தது. அதையே இழைத்துப் போட்டோம். அடியில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு நான்கு கால்.

பக்கப் பலகைகளின் அடிப்பகுதிக்கு மருந்து: ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் அமிலம். கரைந்ததும் சூட்டோடு பிரஷால் மூன்று முறை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மணி நேர இடைவெளி. மரம் குடிக்கும் வரை கொடுக்கலாம். இதற்கு வாசனை கிடையாது, நிறம் மாறாது; ஆனால் மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டுமே சரி. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் ஊரில் உண்டு. இருக்கிற பூச்சி ஓடும், வாசனை போனபின் திரும்ப வரும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. மருந்து அடிக்கும்போது மூடியைக் கழற்றாமல் பின்னால் சாய்த்து வைத்திருந்தோம். பிரஷிலிருந்து ஒரு துளி தெறித்து 2004 என்பதன் கடைசி எண்ணில் விழுந்தது. உடனே ஒற்றுத்தாளை மேலே வைத்து அழுத்தியதில் பரவவில்லை, ஆனால் அந்த 4 மட்டும் இப்போது ஊதா. மூடியின் கீலைக் கழற்றிய பிறகே ஈரவேலை தொடங்கியிருக்க வேண்டும். கீல் திருகாணி இறுகிப்போயிருந்ததால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததன் பலன்.

அந்தக் கீலின் கதை: பித்தளைக் கீலுக்கு யாரோ பின்னாளில் இரும்புத் திருகாணி போட்டிருந்தார்கள். உப்புக்காற்றில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் கரையும். தலை நிற்கும், கழுத்து போய்விடும். கழற்றும்போது வேகம் காட்டினால் தலை முறிந்து, மரத்துக்குள் தண்டு மாட்டிக்கொள்ளும். முதலில் திருகாணித் தலையின் பள்ளத்தைக் கத்திமுனையால் சுத்தமாகச் சுரண்டவேண்டும். பிறகு சால்டரிங் இரும்பை நேராகத் தலைமேல் வைத்து இரண்டு நிமிடம். சூட்டில் இரும்பு விரிந்து, துருவின் பிடி உடையும். ஆறியதும் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு, முதலில் கால் சுற்று இறுக்கும் பக்கம், அதன்பிறகு எதிர்ப்பக்கம். எட்டில் ஏழு இப்படி வந்தது. எட்டாவது முறிந்தது, சுற்றிலும் குழாய்த்துளை போட்டு எடுத்து, அயனிக் குச்சியால் அடைத்தோம்.

புதிய பித்தளைத் திருகாணியை நேராக ஓட்டக்கூடாது, அது மெதுவானது. அதே அளவு இரும்புத் திருகாணி ஒன்றை முதலில் ஓட்டிக் கழற்றி வழி உண்டாக்கி, பித்தளைக்கு மெழுகு தடவி ஓட்டவேண்டும்.

துரு

இழைப்புளி 5-ஆம் நம்பர், 14 இஞ்சு, இரும்பு. உளி ஒன்பது. மூலைமட்டம், இரண்டு அரம், ஒரு கைத்துரப்பணம். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

இழைப்புளியின் உடல், துரப்பணத்தின் சட்டம் மாதிரி கனமான இரும்புக்கு மின்சார முறை. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, 75 கிராம் சலவை சோடா. ஆப்பசோடா அல்ல, துணிக்குப் போடும் சோடா. பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை நம் சாமானில்; பாசிட்டிவ் முனை, கட்டடக் கம்பித் துண்டு நான்கை வாளியின் சுற்றுப்புறத்தில் நிறுத்தி ஒன்றாகக் கட்டி, அதில். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. முனை மாறிப்போனால் நம் இழைப்புளி கரையும், கம்பி சுத்தமாகும். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அது கரைந்தால் தண்ணீரில் விஷமான குரோமியம் சேரும், கீழே கொட்டவே முடியாது. துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். திறந்த இடத்தில் வைக்கவேண்டும், பீடி சிகரெட் கிட்டே கூடாது. மேலே வரும் குமிழி ஹைட்ரஜன்.

புதிதாக வரும் 12 வோல்ட் சார்ஜர்கள் பாட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் விடும். வாளியில் போட்டதும் ‘எரர்’ என்று காட்டி நின்றுவிடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். பழைய பைக் பாட்டரி ஒன்றை இடையில் சேர்த்து, அதிலிருந்து வாளிக்கு வயர் எடுத்தால் ஓடும். இரண்டு, மூன்று ஆம்பியர் போதும். இழைப்புளி எட்டு மணி நேரம்.

வெளியே எடுத்ததும் கறுப்புச் சேறு மாதிரி ஒரு படலம். நைலான் பிரஷால் தண்ணீருக்குள்ளேயே தேய்த்தால் போகும். இந்த ஊரில் எல்லாரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்: கழுவும் தண்ணீர். கடலோரக் கிணற்றிலும் போரிலும் உப்பு இருக்கிறது. அதில் கழுவித் துணியால் துடைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஆரஞ்சுப் பொடி. கடைசி அலசல் மழைத்தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கவேண்டும். அலசியதும் ஹேர் டிரையர், சூடு இருக்கும்போதே தையல் மிஷின் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆறு மாதத்தில் காறல் பிடித்து, பிசுபிசுப்பாகி, தூசியை ஒட்டவைத்து, அந்தத் தூசி ஈரம் பிடித்து, அடியில் துரு வரும்.

உளிகளையும் இழைப்புளியின் தகட்டையும் வாளியில் போடவில்லை. கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனை உள்ளே இழுத்து உடையும் தன்மை அடையலாம். அவற்றுக்கு மண்ணெண்ணெய், 320 உப்புத்தாள், பொறுமை. தகட்டின் முனைக்கருகே துருக்குழி இருந்ததால் 3 மில்லிமீட்டர் வரை சாணை பிடித்து எடுக்கவேண்டி வந்தது. மின்சாணையில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு எண்ணும் நேரம் பிடித்து, தண்ணீரில் முக்கி, மறுபடி. சாய்வு 25 டிகிரி, அதன் நுனியில் மட்டும் 30 டிகிரியில் எண்ணெய்க் கல்லில் நாலைந்து இழுப்பு.

இழைப்புளியின் அடி தட்டையா என்று பார்க்க, 10 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டின் மேல் 120 உப்புத்தாள் ஒட்டி, அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டுத் தள்ளவேண்டும். கோடு அழியாத இடம் பள்ளம். முன்நுனி, தகடு வெளிவரும் வாய்க்கு முன்பகுதி, பின்நுனி மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவே கொஞ்சம் பள்ளம் இருந்தால் கெட்டுப்போகாது. தள்ளும்போது தகடு உள்ளே இறுக்கிய நிலையில், வாயைவிட உள்வாங்கி இருக்கவேண்டும். தகட்டைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால் உடலின் இழுவிசை மாறி, திரும்பப் பூட்டும்போது அடி வேறு மாதிரி வளையும்.

கைப்பிடிகளைத் தொடவில்லை. இழைப்புளிப் பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். உப்புத்தாள் போட்டால் பத்து நிமிடத்தில் புதுசு மாதிரி ஆகிவிடும். டர்பண்டைனில் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து மெழுகு மட்டும் போட்டோம். மெழுகு: தேன்மெழுகு 100 கிராம், டர்பண்டைன் 250 மில்லி. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் சுத்தமான மெழுகு கிடைக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே கொண்டுபோய் டர்பண்டைன் ஊற்றவேண்டும். நேரடித் தீயில் ஊற்றினால் முகம் போகும்.

கயிற்றுப் பிடி

பெட்டியின் இரு பக்கமும் தூக்குவதற்கு இரும்புப் பிடி இல்லை; கயிற்று வளையம். மாலுமிகளின் பெட்டிக்கே உரியது. வலப்பக்கம் அறுந்திருந்தது. 12 மில்லிமீட்டர் முப்புரிப் பருத்திக் கயிறு வாங்கி, முனைகளை முடிச்சுப் போடாமல் புரி பிரித்துப் பின்னிச் சேர்த்தோம். பருத்தி, கயர் மாதிரி இயற்கை நாருக்கு ஒவ்வொரு புரியையும் மூன்று தடவை முழுதாகச் செருகினால் நிற்கும். நைலான் வழுக்கும், அதற்கு ஐந்து. குளச்சலில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கைகள் நிறைய உண்டு.

பின்னல் மேல் அழகுக்குத் தலைப்பாகை முடிச்சு. மூன்று இழை, ஐந்து வளைவு, மூன்று சுற்று. இழை எண்ணிக்கைக்கும் வளைவு எண்ணிக்கைக்கும் பொது வகுஎண் இருக்கக்கூடாது. மூன்றுக்கு நாலு, ஐந்து, ஏழு சரி; ஆறு போட்டால் ஒரே கயிற்றில் முடியாது. 30 மில்லிமீட்டர் கனத்துக்கு 3 மில்லிமீட்டர் நூல் ஒன்றரை மீட்டர் வெட்டினோம். அரை சாண்தான் மிஞ்சியது. இரண்டு மீட்டர் எடுப்பது நல்லது. இடப்பக்கத்து முடிச்சு அவர் போட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்முடையது தளர்வு. மாற்றிப் போட்டும் அப்படியேதான் வந்தது.

மெடல் பேழை

மெடல்கள் ஐந்து: பூர்வி ஸ்டார், ரக்ஷா மெடல், சங்ராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், ஒன்பது ஆண்டுச் சேவை மெடல். பட்டையில் இருந்த வரிசையை மாற்றவில்லை. வீட்டில் யாரோ புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டார்கள். பெட்டியின் பித்தளை மூலைக்குப் புளி சரி, கழுவி உடனே காயவைத்தால் போதும். மெடலுக்கு வேண்டாம். சங்ராம் மெடலின் விளிம்பில் ஆள் எண்ணும் பெயரும் குத்தியிருக்கும். பளபளப்பாக்கும் எந்தப் பசையும் ஒவ்வொரு தடவையும் அதைக் கொஞ்சம் தின்னும். மென்துணியால் தூசி துடைத்தால் முடிந்தது. கையுறை போடவேண்டும், நம் கைவியர்வையும் உப்புத்தான்.

பேழை பழைய தேக்கு நிலையிலிருந்து எடுத்த மரம். உள் அளவு 16-க்கு 12 இஞ்சு, ஆழம் 45 மில்லிமீட்டர், கண்ணாடி 4 மில்லிமீட்டர். மரமும் பிளைவுட் பசையும் மூடிய இடத்தில் புளிப்பு ஆவி விடும், அது உலோகத்தைக் கறுக்க வைக்கும். ஆகவே உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, அதன்மேல் சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி. மெடல் பட்டையைப் பசையால் ஒட்டாமல் துணியில் தைத்தோம். கண்ணாடி ஓரத்துக்குப் போடும் சிலிக்கோனில் கவனம்: ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அது வேண்டாம், நியூட்ரல் என்று கேட்டு வாங்கவேண்டும். கீழ்ச்சட்டத்தில் பின்னாலிருந்து திறக்கிற மாதிரி ஒரு இழுப்பறை, அதில் 30 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு. ஆரஞ்சு மணி பச்சையானதும் எடுத்து, மணிகளை வாணலியில் இளந்தீயில் ஆரஞ்சு திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் மறுபடி பையில் போடலாம். அந்துருண்டை போடக்கூடாது. மாட்டும் இடம் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அல்ல. ரிப்பன் வெயிலில் ஒரே வருடத்தில் வெளுக்கும்.

போட்டோ, சர்வீஸ் சர்டிபிகேட் இரண்டும் நகல். ஒரிஜினல் பிபிஓ (பென்ஷன் உத்தரவு), டிஸ்சார்ஜ் புத்தகம் எதையும் சட்டத்துக்குள் அடைக்கக்கூடாது. குடும்பப் பென்ஷனுக்கும், நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அவை எப்போதும் தேவைப்படும். அப்போது கண்ணாடியை உடைக்க முடியாது.

குறிப்புச் சீட்டில் என்ன எழுதுவது என்பதில் பேச்சு நீண்டது. பேரப்பிள்ளைகள் வீரசாகசமாக எழுத விரும்பினார்கள். சர்வீஸ் சர்டிபிகேட்டில் 1971-ல் கப்பல்: ஐஎன்எஸ் விக்ராந்த். பூர்வி ஸ்டாரும் கிழக்குக் களத்துக்குத்தான். டிசம்பர் 4 முதல் விக்ராந்திலிருந்து பறந்த சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அதன் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசலோடு இருந்தது. வேகம் குறைந்த நிலையிலேயே போருக்குப் போனது. ஓட்டையும் விரிசலும் பார்ப்பவர்களுக்கு அந்த மாதம் தூக்கம் இருந்திருக்காது. ஆனால் இவர் அன்று என்ன செய்தார் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதனால் சீட்டில் கப்பல் பெயர், வேலை, வருடங்கள் மட்டும். மனைவி பெயரையும் அதே அளவு எழுத்தில் போடச் சொன்னது மூத்த மகள்.

கைத்தடி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் வீட்டம்மாவின் கைத்தடி கண்ணில் பட்டது. பூவரசு. 22 மில்லிமீட்டர் விட்டம். மேலே அதே தலைப்பாகை முடிச்சு, வெள்ளை நூல் பழுத்துப் பழுப்பானது. நாடாவைப் போட்டால் 33 இஞ்சு.

1998-ல் 34½, 2019-ல் 33. இடையே நான்கு தடவை குறைந்திருக்கிறது: கால், கால், அரை, அரை. கால் இஞ்சு என்பது 6.3 மில்லிமீட்டர். வாள் தின்பது ஒன்றரை. மிஞ்சுவது ஏறக்குறைய 5. அரை இஞ்சுக்கு 12.7, வாள் போக 11. டப்பாவில் இருந்த வில்லைகள் அவை.

வயதாக ஆக வீட்டம்மா கூனக் கூன, பெட்டிக்காரர் தடியை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார். இந்த அளவு எடுப்பதிலும் முறை உண்டு. வீட்டில் போடும் செருப்போடு நிற்கவைத்து, கையைத் தளரவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைக்கு அளக்கவேண்டும். தடியைப் பிடித்தபின் முழங்கை 15, 20 டிகிரி மடிந்திருந்தால் சரி. தடி நீளமானால் தோள் தூக்கும், வலிக்கும். குட்டையானால் உடம்பு முன்னால் சாயும், விழுவார்கள்.

அளந்தோம். 32½ வந்தது. அடியில் இருந்த ரப்பர் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அதைக் கழற்றி, மெல்லிய பல் வாளால் அரை இஞ்சு வெட்டி, விளிம்பை அரத்தால் லேசாக உருட்டி, புதிய புஷ்ஷைச் சோப்புத்தண்ணீர் தொட்டு ஏற்றினோம். எண்ணெய் தொட்டு ஏற்றினால் பிறகு கழன்று வரும். மூடியில் ஆறாவது வரி எழுதவில்லை. அக்ரிலிக் தகட்டை வெட்டும்போதே அந்தக் கட்டம் மூடியாயிற்று. ஐந்தாவது வில்லையை வீட்டம்மாவே வாங்கிப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திறக்கச் சொல்லி உள்ளே போட்டார்கள்.